அமோனியா: மதிலுக்கு வெளியே சேர வேண்டிய பாடம்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை நெருங்கிய வேளை. வடசென்னையின் எண்ணூரில் பெரியகுப்பம், சின்னகுப்பம் உள்ளிட்ட மீனவக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறலும் கண்ணெரிச்சலுமாக விழித்தெழுந்தனர். கப்பலில் வந்த திரவ அமோனியாவை உரத் தொழிற்சாலைக்குக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு மக்கள் இருளில் வீதிகளுக்கு ஓடிவந்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஒரு கன மீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாத அமோனியா, சோதித்தபோது 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. 67 டன்னுக்கும் மேற்பட்ட அமோனியா வெளியேறியிருந்ததாகத் தொழில்நுட்பக் குழு பின்னர் மதிப்பிட்டது.

அந்தக் கசிவுக்குப் பிறகு குழாயின் நிலை, புயலின் பங்கு, இழப்பீடு, மீண்டும் இயங்க அனுமதி என்று பலவும் விவாதிக்கப்பட்டன. அவையெல்லாம் தேவையான விவாதங்களே. ஆனால், அதிகம் பேசப்படாத ஒரு கேள்வி உண்டு. நள்ளிரவில் அந்த நெடியில் விழித்தெழுந்த ஒரு தாய் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடுவதா, கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பதா? ஓடுவதென்றால் எந்தத் திசையில் ஓடுவது? எரியும் கண்ணுக்கு என்ன மருந்து?

இந்தக் கேள்விகளுக்கு அறிவியல் பல ஆண்டுகளுக்கு முன்பே தெளிவான விடை கண்டுவிட்டது. பெரிய தொழிற்சாலைகளுக்குள் பணியாற்றுவோருக்கு அது கற்பிக்கவும் படுகிறது. ஆனால், மதிற்சுவரைத் தாண்டி அந்த அறிவு வெளியே வருவதில்லை. வாயு தாண்டும் சுவரை எச்சரிக்கை தாண்டாதிருப்பதே நம் பாதுகாப்பு ஏற்பாடுகளின் பெருங்குறை.

நம்மிடையே இருக்கும் அமோனியா

அமோனியா நமக்கு அயலான பொருளன்று. ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த எளிய சேர்மம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அதனை உருவாக்கும் வழியை 1909-இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு விரிவாக்கினார். இன்று உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 18 கோடி டன் அமோனியா உற்பத்தியாகிறது. அதில் பெரும்பகுதி யூரியா, டிஏபி போன்ற உரங்களாக மாறி வயலுக்குச் செல்கிறது.

உரத்துக்கு அடுத்தபடியாக, அமோனியா ஒரு சிறந்த குளிரூட்டி. மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் ஆலைகள், இறால், மீன் பதப்படுத்தும் நிலையங்கள், பால் பண்ணைகள், காய்கனிகளுக்கான குளிர்பதனக் கிடங்குகள் எனப் பல இடங்களில் குளிர்ச்சியைத் தருவது அமோனியாதான். அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதில்லை, புவி வெப்பத்தைக் கூட்டுவதில்லை, மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆகவே, அமோனியாவை விலக்கிவிடுவது தீர்வாகாது. அதனோடு வாழக் கற்றுக்கொள்வதே தீர்வு. அதற்கு அதன் இயல்பை அறிய வேண்டும்.

குளிரும் அழுத்தமும்

வளிமண்டல அழுத்தத்தில் அமோனியா மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எனவே, அதனைத் திரவமாக வைத்திருக்க இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்வித்து, வெப்பம் புகாத பெருந்தொட்டியில் வைப்பது; உரத் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் இவ்வாறுதான் ஆயிரக்கணக்கான டன்களைச் சேமிக்கின்றன. மற்றொன்று, சாதாரண வெப்பநிலையில் அழுத்தத்துக்கு உட்படுத்தி, வலிமையான எஃகுக் கலன்களில் அடைப்பது. 30 டிகிரி வெப்பத்தில் கலனுக்குள் இருக்கும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு. சாலையில் செல்லும் டேங்கர் லாரியும் ஐஸ் ஆலையின் கலனும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகைக் கலன் உடைந்தால் திரவம் சீறிக்கொண்டு வெளியேறும். ஒரு லிட்டர் திரவ அமோனியா ஆவியானால் ஏறத்தாழ 850 லிட்டர் வாயுவாக விரியும். சிறு ஓட்டையிலிருந்து திரவம் கசிவது, பெரிய ஓட்டையிலிருந்து வாயு கசிவதைவிட ஆபத்தானதாக இருக்கக்கூடும் என்பதன் காரணம் இதுவே.

அமோனியா காற்றைவிட இலேசானது என்று பாடநூலில் படித்திருப்போம். அது உண்மைதான். சிறிய அளவில் வாயு மட்டும் கசிந்தால் அது மேலெழுந்து கலைந்துவிடும். ஆனால், அழுத்தத்திலிருந்த திரவம் பெருமளவில் வெளியேறும்போது, நுண்துளிகளும் குளிர்ந்த ஆவியும் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து கனத்த வெண்மூட்டமாகி, தரையோடு தவழ்ந்து செல்லும். பள்ளமான தெருக்களில் தேங்கும். பாடநூலை நம்பித் தரையில் படுத்துக்கொள்பவர் அந்த மூட்டத்துக்குள்ளேயே படுத்திருப்பார். காற்றோட்டம் குறைந்த இரவு நேரத்தில் மூட்டம் எளிதில் கலைவதுமில்லை. அதனால்தான் அவசரகால வழிகாட்டி நூல்கள், பெருங்கசிவின்போது பகலைவிட இரவில் அதிகத் தொலைவுக்கு மக்களைக் காக்கச் சொல்கின்றன.

நீர் மீதான வேட்கை அமோனியாவின் மற்றொரு முக்கிய இயல்பு. அது நீரில் மிக விரைவாகக் கரையும். கரைந்ததும் அரிக்கும் தன்மையுள்ள காரமாகும். மனித உடலில் ஈரம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அது பாயும். கண், மூக்கு, தொண்டை, நுரையீரல், வியர்வை படிந்த தோல் ஆகியவையே அதன் முதல் இலக்குகள். ஆனால், இதே நீர் வேட்கைதான் நமக்குக் கிடைத்த கேடயமும் ஆகும். அதைப் பின்னர் பார்ப்போம்.

அமோனியாவின் ஒரே நற்குணம் அதன் நெடி. பத்து லட்சம் பங்கு காற்றில் ஐந்து பங்கு அளவில் இருந்தாலே பலரது மூக்கு அதனைக் கண்டுகொள்ளும். எட்டு மணி நேரப் பணிக்குப் பரிந்துரைக்கப்படும் உச்ச வரம்பு 25 பங்கு. 300 பங்கு என்பது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. அதாவது, ஆபத்து நெருங்குவதற்கு வெகு முன்பாகவே அது தன் வருகையை அறிவித்துவிடுகிறது. எனினும், நாள்தோறும் அதனிடையே பணிபுரிவோரின் மூக்கு பழகி மந்தமாகிவிடும். எனவே, மூக்கை மட்டும் நம்பாமல், வாயுவை உணரும் கருவிகளைப் பொருத்துவது கட்டாயம்.

சேமிப்பில் கற்ற பாடங்கள்

1992 மார்ச் 24 அன்று செனகல் நாட்டின் டாக்கர் நகரில், ஒரு நிலக்கடலை எண்ணெய் ஆலையில் நின்றிருந்த அமோனியா டேங்கர் வெடித்துச் சிதறியது. 129 பேர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அந்த டேங்கருக்கு அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு 17.7 டன்; ஏற்றப்பட்டிருந்ததோ 22 டன். தவிர, அது முன்பு விரிசல் கண்டு, வெல்டிங் செய்து மீண்டும் பயன்படுத்தப்பட்ட கலன்.

1973 ஜூலை 13 அன்று தென்னாப்பிரிக்காவின் பொட்செஃப்ஸ்ட்ரூம் உரத் தொழிற்சாலையில் ஒரு சேமிப்புக் கலனின் முனைப்பகுதி திடீரென உடைந்து 38 டன் அமோனியா வெளியேறியது. 18 பேர் உயிரிழந்தனர். அங்கும் எஃகு நொறுங்கும் தன்மை அடைந்திருந்தது. அங்கும் பழுதுபார்த்த வெல்டிங் உரிய வெப்பப் பதப்படுத்தலுக்கு உட்படுத்தப்படவில்லை.

இந்த இரண்டு விபத்துகளும் சேமிப்பின் அடிப்படை விதிகளை உணர்த்துகின்றன. முதலாவது, கலனை ஒருபோதும் முழுமையாக நிரப்பக் கூடாது. வெயில் ஏற ஏறத் திரவம் விரியும். விரிவதற்கு இடமில்லையென்றால் அது எஃகைப் பிளக்கும். கொள்ளளவில் 85 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பலாகாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இதே காரணத்தால், இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட குழாயில் திரவம் சிக்கிக்கொள்ளும்படி இரண்டையும் மூடிவிடக் கூடாது. அங்கே அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டும்.

இரண்டாவது, பழுதுபார்த்த கலன் புதிய கலன் ஆகாது. தூய அமோனியாவும் சிறிதளவு ஆக்ஸிஜனும் சேர்ந்தால், இழுவிசையில் உள்ள எஃகில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உருவாகும். அதனைத் தடுக்கத் திரவ அமோனியாவில் 0.2 விழுக்காடு நீர் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஆனாலும், குறித்த காலத்தில் கலனைத் திறந்து சோதிப்பதற்கு மாற்று எதுவுமில்லை.

மூன்றாவது, உடனிருக்கும் பொருள்கள். செம்பு, பித்தளை, துத்தநாகப் பூச்சு ஆகியவற்றை அமோனியா அரித்துவிடும். கைக்குக் கிடைத்த பித்தளை வால்வை அவசரத்துக்குப் பொருத்துவது கசிவை வரவழைப்பதாகும். குளோரின், பிளீச்சிங் பவுடர், பாதரசம் ஆகியவை அமோனியாவின் அருகே இருக்கவே கூடாது. அமோனியா திறந்தவெளியில் எளிதில் தீப்பற்றாது. ஆனால், மூடிய இயந்திர அறையில் காற்றில் 15 முதல் 28 விழுக்காடு வரை சேர்ந்துவிட்டால் ஒரு தீப்பொறியே வெடிப்புக்குப் போதும். எனவே, இயந்திர அறையின் மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதியும் காற்றை வெளியேற்றும் விசிறியின் சுவிட்சும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஐஸ் ஆலையில் ஒரு நாள்

பெரிய தொழிற்சாலைகளைவிடச் சிறிய ஐஸ் ஆலைகளே பெரும்பாலும் ஊருக்கு நெருக்கமாக இருக்கின்றன. கம்ப்ரசர், வாயுவைத் திரவமாக்கும் கண்டன்சர், திரவத்தைச் சேகரிக்கும் கலன், உப்புநீர்த் தொட்டி, அதனுள் அமிழ்த்திய தகர அச்சுகள் ஆகியவை கொண்டதே அந்த ஆலை. விபத்து பெரும்பாலும் நடப்பது இயந்திரம் ஓடும்போது அல்ல, அதனைப் பராமரிக்கும்போது.

கம்ப்ரசரின் உயவு எண்ணெய் சிறிது சிறிதாக அமோனியாவுடன் சென்று, கலன்களின் அடியில் தங்கும். அதை அவ்வப்போது வடிக்க வேண்டும். வடிக்கும் வால்வைத் திறந்தவர், எண்ணெய் தீர்ந்ததும் அமோனியா சீறுவதைக் கண்டு பதறி, வால்வை மூடாமலே ஓடிவிட்டால் கலனில் உள்ள அனைத்தும் வெளியேறும். இதற்கு எளிய தீர்வு, கையை எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ளும் வில்வால்வு. இந்தப் பணியைத் தனியாக ஒருவர் செய்யக் கூடாது. வெளியேறும் வழி முதுகுப்புறம் திறந்திருக்க வேண்டும். கண்ணாடி, கையுறை, முகமூடி அணிந்திருக்க வேண்டும்.

டேங்கரிலிருந்து இறக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. இறக்கும் குழாயின் காலாவதி, இணைப்பின் உறுதி ஆகியவற்றைச் சரிபார்க்காமல் வால்வைத் திறக்கக் கூடாது. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்திருக்க வேண்டும். இறக்கி முடியும் வரை ஓட்டுநரும் ஆலைப் பணியாளரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. பத்து அடி தொலைவில் ஓடும் நீர்க் குழாயோ, நீர் நிறைந்த தொட்டியோ இருக்க வேண்டும். மேலே விழுந்த அமோனியாவைக் கழுவ, முதல் சில நொடிகளில் கிடைக்கும் நீருக்கு ஈடாக எதுவுமில்லை.

வடிகட்டிப் புட்டி பொருத்திய முகமூடி தப்பி ஓட மட்டுமே உதவும். செறிவு மிகுந்த மூட்டத்துக்குள் நுழைய, முதுகில் சுமக்கும் காற்று உருளையுடன் கூடிய சுவாசக் கருவியும் உடல் முழுவதையும் மூடும் உடையும் வேண்டும். இவை இல்லாமல் மயங்கிக் கிடப்பவரைக் காப்பாற்ற நுழைபவர் இரண்டாவது பலியாகவே வாய்ப்பு அதிகம். இது கேட்கக் கடினமான உண்மை. ஆனால், சொல்லாமல் விடக் கூடாத உண்மை.

தீயணைப்பு வீரர்கள் அறிந்த மற்றொரு நுட்பமும் உண்டு. காற்றில் மிதக்கும் அமோனியா ஆவியின்மீது நீரைத் திவலையாகப் பீய்ச்சினால் அது கரைந்து கீழிறங்கும். ஆனால், தரையில் தேங்கியிருக்கும் குளிர்ந்த திரவ அமோனியாவின்மீது நீரை ஊற்றினால், நீரின் வெப்பத்தால் அது கொந்தளித்து மேலும் ஆவியாகும். எனவே, மூட்டத்துக்கு நீர்த்திரை. தேங்கலுக்கு நீர் கூடாது. கரைந்த நீர் ஏரிக்கோ ஆற்றுக்கோ செல்லாமல் தடுக்கவும் வேண்டும். அமோனியா கலந்த நீர் மீன்களைக் கொன்றுவிடும்.

கசிந்தால் என்ன செய்வது?

பொதுமக்களுக்கான பாடம் சுருக்கமானது. நெடியை உணர்ந்ததும் முதலில் காற்றின் திசையைக் கவனிக்க வேண்டும். கொடி, மரக்கிளை, புகை எதுவும் அதைக் காட்டும். வாயு வரும் பக்கமாகவும் ஓடக் கூடாது. அது செல்லும் பக்கமாகவும் ஓடக் கூடாது. காற்றுக்குக் குறுக்காக, வலமோ இடமோ விலகிச் செல்ல வேண்டும். மூட்டத்தின் அகலம் அதன் நீளத்தைவிடக் குறைவு. பக்கவாட்டில் சில நூறு மீட்டர் சென்றாலே பெரும்பாலும் அதிலிருந்து வெளியேறிவிடலாம். மூட்டம் முன்னால் தெரிந்தால் வாகனத்தை அதற்குள் செலுத்தக் கூடாது.

மூட்டம் ஏற்கெனவே வீட்டைச் சூழ்ந்துவிட்டால் வெளியே ஓடாமல் உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. 2002 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் நகருக்கு அருகே சரக்கு ரயில் தடம்புரண்டு, ஐந்து டேங்கர்களிலிருந்த அமோனியா முழுவதும் வெளியேறியது. கடுங்குளிர் இரவில் அந்தப் பகுதியை வெண்மூட்டம் சூழ்ந்தது. வீடுகளுக்குள்ளேயே இருக்கும்படி மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். 300-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட அந்த விபத்தில் உயிரிழந்தவர் ஒருவரே; அவர் வீட்டைவிட்டு வாகனத்தில் தப்ப முயன்றவர்.

கதவு, சன்னல்களை மூடி, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணிக்க வேண்டும். மின்விசிறி, குளிர்சாதனம், அடுப்பு ஆகியவற்றை நிறுத்த வேண்டும். நனைத்த துண்டை மூக்கிலும் வாயிலும் பொத்திக்கொண்டு, சன்னல் குறைந்த அறையில் ஒதுங்க வேண்டும். குளியலறையில் நீரைத் திவலையாகத் திறந்துவிடுவதும் பயன் தரும். இங்கேதான் அமோனியாவின் நீர் வேட்கை நமக்குத் துணையாகிறது. நனைந்த ஒரு துண்டு சுவாசக் கருவி ஆகிவிடாது. ஆனால், அது வாங்கித் தரும் சில நிமிடங்கள் உயிரின் விலை பெறும்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கதவை அடைத்து இருக்கலாம் என்ற அறிவுரை, அடைக்கக்கூடிய வீடு இருப்பவருக்கே பொருந்தும். ஓலைக் குடிசையிலும் தகரக் கூரையின் கீழும் வாழ்பவர் எந்த இடுக்கை அடைப்பார்? எனவே, ஆலையைச் சூழ்ந்த ஒவ்வொரு குடியிருப்பிலும் பள்ளி, புயல் பாதுகாப்பு மையம் போன்ற ஓர் உறுதியான கட்டடம் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் திறவுகோல் எவரிடம் இருக்கிறது என்பது ஊரார்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலுதவியிலும் சில தெளிவுகள் வேண்டும். கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. காரம் கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவும் தன்மையுடையது. உடலில் பட்டால் நீரை ஊற்றிக்கொண்டே ஆடையைக் களைய வேண்டும். குளிரில் உறைந்து தோலோடு ஒட்டிய துணியைப் பிய்த்தெடுக்கக் கூடாது. அமோனியா காரம் என்பதால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிச் சமன்செய்யலாம் என்று எண்ணுவது தவறு. அது புண்ணை மேலும் கொடிதாக்கும். எண்ணெய், மஞ்சள், களிம்பு எதுவும் தடவலாகாது. மூச்சில் அமோனியாவை இழுத்தவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்தும் நிகழலாம்.

சாலையில் டேங்கர் கவிழ்ந்து கிடந்தால் அதன் மீதுள்ள எண் பலகையைத் தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும். 1005 என்ற எண் நீரற்ற அமோனியாவைக் குறிக்கும். 112-ஐ அழைத்து அந்த எண்ணையும் காற்றின் திசையையும் சொல்வது, அருகே சென்று படமெடுப்பதைவிடப் பன்மடங்கு பயனுள்ளது. தமிழ்நாட்டில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

டன்னை எண்ணும் சட்டம்

போபால் பேரழிவுக்குப் பின் இந்தியா சட்டமில்லாத நாடாக இருக்கவில்லை. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவு சேர்க்கப்பட்டு, அபாயகரமான தொழிலைப் பற்றிய தகவல்களைத் தொழிலாளர்களுக்கு மட்டுமன்றி, அருகில் வாழும் பொதுமக்களுக்கும் தெரிவிப்பது உரிமையாளரின் கடமையாக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் பணிசார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அக்கடமையைத் தொடர்கிறது. 1989-ஆம் ஆண்டின் அபாயகரமான வேதிப்பொருள் விதிகள், ஆலைக்குள் ஓர் அவசரத் திட்டமும் ஆலைக்கு வெளியே ஓர் அவசரத் திட்டமும் வேண்டும் என்கின்றன. வெளித் திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பதும் விதியே. 1996-ஆம் ஆண்டின் விதிகள் மத்திய அளவிலிருந்து உள்ளூர் வரை நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன.

ஆயினும் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. முதலாவது, விதிகளின் கடுமையான கடமைகள் சேமிப்பின் அளவைப் பொறுத்தவை. அமோனியாவைப் பொறுத்தவரை அந்த வரம்பு பல பத்து டன்களில் தொடங்குகிறது. சில நூறு கிலோவிலிருந்து சில டன் வரை வைத்திருக்கும் ஐஸ் ஆலையும் மீன் பதப்படுத்தும் நிலையமும் அதற்குக் கீழே நின்றுவிடுகின்றன. சட்டம் டன்னை எண்ணுகிறது. சுற்றியிருக்கும் தலைகளை எண்ணுவதில்லை. வெட்டவெளியில் உள்ள நூறு டன்னைவிட, நெருக்கமான தெருவில் உள்ள இரண்டு டன் அதிகம் பேரைப் பாதிக்கக்கூடும்.

2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதப்படுத்தும் நிலையத்தில் அமோனியா கசிந்து, சுமார் 30 பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒடிசாவைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். இன்று நம் ஆலைகளில் பணியாற்றும் பலருக்குத் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாது. அவர்கள் படிக்க முடியாத மொழியில் சுவரில் எழுதப்பட்ட எச்சரிக்கை, எழுதப்படாத எச்சரிக்கையே.

இரண்டாவது ஓட்டை, விதி ஏட்டளவில் நின்றுவிடுவது. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் உயிரிழந்தனர். அபாயச் சங்கை ஒலிக்கச் செய்யும் பொத்தான்கள் ஆலையில் பல இடங்களில் இருந்தும், சங்கு ஒலிக்கப்படவில்லை என்று மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு சுட்டிக்காட்டியது. கருவி இருந்தது, கை செல்லவில்லை. வேதிப்பொருள் வேறாயினும் பாடம் ஒன்றே. ஒத்திகையில் பழகாத கை, நெருக்கடியில் பொத்தானைத் தேடாது.

செய்ய வேண்டியவை

அளவு எதுவாயினும் அமோனியா வைத்திருக்கும் எல்லா இடங்களின் பட்டியலும் உள்ளாட்சி அலுவலகத்திலும், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும், அரசு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். எவ்வளவு, எந்த இடத்தில், பொறுப்பாளர் யார் என்ற மூன்று விவரங்கள் போதும். ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்பில் ஓர் உயரமான கட்டடத்தின்மீது காற்றின் திசை காட்டும் துணிப்பை பறக்க வேண்டும். அபாயச் சங்கு ஊருக்கும் கேட்க வேண்டும். அது ஒலித்தால் உள்ளேயிருப்பதா, வெளியேறுவதா என்பது ஒலியின் வேறுபாட்டிலேயே ஊராருக்கு விளங்க வேண்டும். ஒத்திகை ஊர் மக்களோடு நடக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரவில் நடக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. கடற்கரை மக்களுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையுமில்லை. வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் எப்போது எங்கிருந்து வீசும் என்பது மீனவர்களின் பரம்பரை அறிவு. எந்தக் காற்று வீசும்போது எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பதை அந்தப் பெயர்களைக் கொண்டே ஊருக்கு ஊர் எழுதிவைத்தால், அது எந்த ஆங்கிலக் கையேட்டையும்விட விரைவாக மனத்தில் பதியும்.

இந்த ஏற்பாடுகளுக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மாற்றாகப் பசுமை ஹைட்ரஜனையும், அதைச் சுமந்து செல்ல எளிய வடிவமான அமோனியாவையும் உலகம் நாடுகிறது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையங்களுள் ஒன்றாக மத்திய அரசு அடையாளம் கண்டுள்ளது. வரும் ஆண்டுகளில் நம் கடற்கரையில் அமோனியாவின் போக்குவரத்து கூடுமே தவிரக் குறையாது. தொட்டிகளும் குழாய்களும் வருவதற்கு முன்பே, அவற்றைச் சுற்றி வாழப்போகிறவர்களுக்கு இந்தப் பாடம் சென்று சேர வேண்டும். திட்டத்துக்கு ஒப்புதல் கோரும் அறிக்கையில் முதலீட்டுத் தொகையோடும் வேலைவாய்ப்பு எண்ணிக்கையோடும், எத்தனை குடும்பங்களுக்கு அவசரகாலப் பயிற்சி அளிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். அந்த எண்ணைக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது உள்ளாட்சிகளின் கடமையாகும்.